வரிசையை விட்டு வெளியே வா!

“எல்லாரும் போறாங்க, அதான்.”

கெலுகோரில் எந்த இளைஞனை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப்பார். விடுமுறைக்கு ஏன் லங்காவி? ஏன் கேமரன் மலை? ஏன் ஹாட்ஜாய்? சுற்றி வளைத்து இந்தப் பதிலில்தான் வந்து நிற்பான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாரும் எடுக்கிறார்கள் என்று ஒரு படிப்பு. எல்லாரும் வாங்குகிறார்கள் என்று ஒரு கைப்பேசி. எல்லாரும் போகிறார்கள் என்று ஓர் ஊர். இதில் உன் விருப்பம் எது? உன் முடிவு எது?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்துவிட்டுக் கண் எரிய வீடு திரும்புவது நீ. ஓவர்டைம் பார்த்து ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்ப்பது நீ. அந்தக் காசையும், வருடத்தில் கிடைக்கும் கொஞ்ச நாள் லீவையும் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதை மட்டும் முகம் தெரியாத ஒருவர் போட்ட வீடியோ முடிவு செய்கிறது. இது உனக்கு உறைக்கவில்லையா?

உறைத்தால் நல்லது. அந்தச் சூட்டோடு மேலே படி.

நீ சுற்றுலா ஊர்க்காரன்

கூட்டத்தைப் பற்றிப் பினாங்குக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1985இல் திறந்த பினாங்குப் பாலம் தீவில் கால் பதிக்கும் இடமே கெலுகோர்தான். நீண்ட வாரக் கடைசி வந்தால் வண்டிகள் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. 2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 2012இல் சுவரோவியங்கள் வந்தன. அன்றிலிருந்து ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் ஓவியத்தின் முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள். முறை வந்ததும் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்துச் சிரித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

அப்படி நகர்ந்தவன் பினாங்கைப் பார்த்துவிட்டானா? இல்லை என்று உனக்கே தெரியும். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் போகும் வழியெல்லாம் குவித்து வைத்த தேங்காய்கள் சிதறும் சத்தம் அவன் காதில் விழவில்லை. விடியற்காலையில் சந்தையில் மீன் இறங்கும் பரபரப்பை அவன் பார்க்கவில்லை. உன் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காசைக் கொடுத்தான், களைப்பை வாங்கிக்கொண்டு போனான்.

அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். அவன் உன் ஊரில் செய்ததைத்தான் நீ போகிற ஊரில் செய்துவிட்டு வருகிறாய்!

உலகமே இந்த மந்தை ஓட்டத்தில் மூச்சு முட்டிக் கிடக்கிறது. வெனிஸ் நகரம் 2024இல், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் நெரிசலான நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதே ஆண்டு பார்சலோனாவில் ஊர் மக்கள் தெருவில் இறங்கி, உணவகங்களில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வந்தவனுக்கும் நிம்மதி இல்லை, இருப்பவனுக்கும் நிம்மதி இல்லை. அந்தக் கூட்டத்தில் இன்னொரு தலையாகப் போய் நிற்க எதற்கு உனக்குக் கடன்?

எது பார்க்கத் தக்கது என்று யார் சொல்வது?

கூட்டம் போகும் ஊரில் எல்லாமே முன்கூட்டித் தீர்மானமாகிக் கிடக்கிறது. எங்கே நிற்க வேண்டும், எதைத் தின்ன வேண்டும், எந்தக் கோணத்தில் படம் எடுக்க வேண்டும், எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். உன் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

அதிகம் பேர் போகாத ஊரில் இறங்கிப் பார். அங்கே அம்புக்குறிகள் குறைவு. எந்தத் தெருவில் திரும்புவது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கடையில் பசியாறுவது என்று நீதான் மோப்பம் பிடிக்க வேண்டும். எது அழகு, எது வரலாறு, எது வீண் என்று உன் புத்திதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு தவறிப்போனால் அதன் நஷ்டமும் உன்னுடையதே. சரியாக அமைந்தால் அந்தப் பெருமையில் யாருக்கும் பங்கில்லை.

தன்னம்பிக்கை என்பது இதுதான். கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல்வதால் அது வராது. சின்னச் சின்ன முடிவுகளைத் தானே எடுத்து, அதன் பலனைத் தானே தாங்கிப் பழகியவனுக்கு வரும். எது பார்க்கத் தக்கது என்று பிறர் சொல்லக் காத்திருக்கிறவன், எது வாழத் தக்கது என்றும் பிறர் சொல்லக் காத்திருப்பான். அந்த அடிமைப் பழக்கத்தை உடைக்க மலையேற வேண்டாம், கடல் தாண்ட வேண்டாம். பட்டர்வொர்த்தில் ஒரு ரயில் ஏறினால் போதும்.

முதல் சாக்கு: “காசு இல்லை”

காசு இல்லையா? வா, கணக்குப் போடுவோம்.

கெலுகோரிலிருந்து ரேபிட் பினாங்கு பஸ்ஸில் ஜெட்டிக்குப் போ. அங்கே பெரி ஏறு. 1894இல் தொடங்கிய சேவை அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீவுக்காரர்களை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அக்கரையில் பினாங்கு சென்ட்ரலை ஒட்டியே பட்டர்வொர்த் ரயில் நிலையம். அங்கிருந்து தெற்கே போகும் கேடிஎம் கம்யூட்டர் ஒன்றரை மணி நேரத்துக்குள் உன்னைத் தைப்பிங்கில் இறக்கிவிடும். ஜார்ஜ்டவுனில் கோழியும் வெண்டைக்காயும் வைத்து ஒரு தட்டு நாசி கண்டார் சாப்பிடுவாயே, ஏறக்குறைய அந்தக் காசுதான் ஒருவழி ரயில் கட்டணம்.

அந்த ரயிலில் கைப்பேசியைப் பைக்குள் போடு. ஜன்னலைப் பார். புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் என்று நிலையங்கள் வரும். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கிய மண் இது. பாரிட் புந்தார் பக்கம் வந்தால் கிரியான் வட்டாரத்தின் நெல்வயல்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரியும். பாகான் செராய் தாண்டியதும் ரயில் தண்ணீருக்கு நடுவில் ஓடும். வலப்பக்கமும் நீர், இடப்பக்கமும் நீர். அதுதான் புக்கிட் மேரா ஏரி. கிரியான் வயல்களுக்குப் பாசனம் தருவதற்காக 1906இல் கட்டி முடித்த அணை அது. நாட்டின் மிகப் பழைய அணை. இந்தக் காட்சிக்குத் தனி டிக்கெட் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் பெட்டியில் பாதிப்பேர் குனிந்த தலையோடு வேறு ஊரின் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

இதையும் எண்ணிப்பார். தவணைக்கு விமான டிக்கெட் எடுத்து, மூன்று நாள் ஓட்டலில் படுத்து, அடுத்த ஆறு மாதம் கடன் கட்டுகிறவன் ஓய்வெடுக்கப் போனானா, சுமை தூக்கப் போனானா? கையில் இருக்கும் காசுக்குள் போய்வரத் தெரிந்தவன்தான் நிமிர்ந்து நடப்பான். சிக்கனத்தில் தலைகுனிய ஒன்றுமில்லை. அடுத்தவன் கண்ணுக்காகச் செலவழித்துவிட்டு மாதக் கடைசியில் நண்பனிடம் ஐம்பது வெள்ளி கேட்பதில்தான் தலைகுனிவு இருக்கிறது.

இரண்டாவது சாக்கு: “அங்கே என்ன இருக்கு?”

தைப்பிங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவனுக்குச் சொல்கிறேன்.

1937இல் ஈப்போவுக்குக் கைமாறும் வரை பேராக் மாநிலத்தின் தலைநகர் தைப்பிங்தான். நாட்டின் முதல் அருங்காட்சியகம் இங்கேதான் 1883இல் பிறந்தது. அதற்கு நேர் எதிரே 1879இல் எழுந்த சிறைச்சாலை இன்றும் நிற்கிறது. ஒரே சாலை. இந்தப் பக்கம் ஒரு மண்ணின் நினைவுகளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மனிதர்களைப் பூட்டியிருக்கிறார்கள். நடுவில் நின்று ஐந்து நிமிடம் யோசி. ஆட்சி என்றால் என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் இப்படிச் சொல்லித்தராது.

கொஞ்ச தூரம் நடந்தால் தைப்பிங் ஏரித் தோட்டம். ஈயம் தோண்டிக் குழியும் பள்ளமுமாய் விட்டுப்போன நிலத்தை 1880களில் பூங்காவாக்கினார்கள். அன்று நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று கரையிலிருந்து கைநீட்டிச் சாலைக்கு மேலாகச் சாய்ந்து, கிளை நுனிகளை ஏரித் தண்ணீருக்குத் தாழ்த்தி நிற்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் பாசியும் பெரணியும் பற்றிப் படர்ந்திருக்கின்றன. காரணம் மழை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பொழியும் நகரம் இது. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். நீயும் காலையிலேயே நடந்து முடித்துவிடு. பிற்பகலில் வானம் கறுத்தால் ஒரு கோப்பிக் கடைக்குள் ஒதுங்கி, ஒரு தே தாரேக் சொல்லிவிட்டு, ஓடுகளில் மழை இறங்குவதைப் பார். யாரும் உன்னை எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். உனக்குப் பின்னால் வரிசை இல்லை.

பூங்காவில் நிற்கும்போது ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள். எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துவிட்டு, இனி உதவாது என்று கைவிட்ட நிலம் அது. எஸ்பிஎம் தேர்வில் மதிப்பெண் போனது, வேலை போனது, காதல் போனது என்று ஒடிந்து உட்கார்ந்திருக்கிறாயா? இந்த ஏரிக்கரைக்கு வந்து ஒரு மணி நேரம் நட.

இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் அங்கிருந்து கோல செபெத்தாங்குக்குப் போ. பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இந்தக் கரைக்குத்தான் போட்டார்கள். ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1885 ஜூன் 1ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. பாதை போடும் வேலைக்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படைகளை வரவழைத்தார்கள். அதன்பின் மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள்.

இன்று அங்கே தண்டவாளம் இல்லை. கடைத்தெரு நடுவே பழைய டிக்கெட் கொட்டகையும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. அந்தப் பலகையை நெருங்கிப் போய்ப் பார். ஆங்கிலம், ஜாவி, சீனம், அவற்றோடு தமிழ்! நம் எழுத்து. மலாயாவின் முதல் ரயில் வந்து நின்ற துறைமுகத்தில் உன் மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சிரித்துப் படம் எடுக்க ஆயிரம் சுவர்கள் இருக்கின்றன. நெஞ்சு நிமிர்த்தி நிற்க இப்படி எத்தனை பலகைகள் இருக்கின்றன?

அதே ஊரில் கரிச்சூளைகளைப் பார். மாத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டருக்கும் மேல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெட்டுவதும் நடுவதும் ஒரு திட்டப்படி நடக்கிறது. அங்கிருந்து படகில் வரும் பாக்காவ் கட்டைகளைச் செங்கல் சூளைக்குள் நிற்க வைத்து அடுக்கி, வாயை மூடித் தீ மூட்டுகிறார்கள். உள்ளே எரிக்கக் கூடாது. சூட்டில் ஈரத்தைக் கறக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாத வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. பார்த்தால் மொத்தமும் சாம்பல். வெளியே வரும் புகையின் வாசனையையும் சூட்டையும் வைத்தே, எப்போது தீயைக் குறைப்பது, எப்போது மூடுவது என்று அந்தத் தொழிலாளி முடிவு செய்கிறார். தன் மூக்கை நம்பி ஒரு மாத உழைப்பைப் பணயம் வைக்கிறார்! தன்னம்பிக்கை வகுப்புக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கட்டுகிறவர்களே, அந்தச் சூளை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி இனி உன் வாயில் வரக்கூடாது. அங்கே எல்லாம் இருக்கிறது. பார்க்கும் கண்ணை நீ கொண்டுபோக வேண்டும்.

பார்க்கத் தெரிந்தவனுக்குக் கூட்டம் போகும் இடமும் போகாத இடமும் வேறு வேறு கதை சொல்லும். பத்துகாஜா பக்கத்தில் கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் அரைகுறையாய் நின்றுவிட்ட மாளிகை. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிப் பார்க்கக் கூட்டம் உண்டு. அந்த மாளிகைக்குக் கல்லும் மண்ணும் சுமக்க மதராசிலிருந்து ஆட்களை வரவழைத்தார். ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து அவர்களில் பலர் செத்து விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், அவர் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயிலின் கூரைச் சிலைகளுக்கு நடுவே தொப்பியும் கோட்டுமாக ஒரு வெள்ளைக்கார உருவம் நிற்கிறது. மாளிகைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயில் வரைக்கும் நடக்கிறார்கள்? நீ நட. துரையின் கதை மாளிகையில் இருக்கிறது. உன் கதை கோயிலில் இருக்கிறது.

மூன்றாவது சாக்கு: “தனியாப் போக பயமா இருக்கு”

பயம் தப்பில்லை. பயத்தையே காரணமாக்கி வீட்டில் உட்கார்வதுதான் தப்பு.

உன் தாத்தாவின் தாத்தாவை நினைத்துப்பார். 1926இல் கட்டிய ராஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடியது. அதிலும் அதற்கு முந்திய கப்பல்களிலும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாய் வங்கக் கடலைத் தாண்டி வந்தார்கள் நம்மவர்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. மொழி தெரியாது. இறங்கும் ஊரில் யார் காத்திருப்பார்கள் என்று தெரியாது. திரும்பிப் போவோமா என்றும் தெரியாது. அந்த ரத்தம் ஓடும் உடம்பை வைத்துக்கொண்டு, கூகுள் மேப் கையில் இருக்க, பள்ளியில் பதினொரு வருடம் படித்த மலாய் நாக்கில் இருக்க, மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்ற உறுதியும் இருக்க, தைப்பிங்குக்குப் போகப் பயமா? அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்!

தங்கையே, உனக்குத் தனியாகச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்குப் பயணத்தில் உள்ள ஆபத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. அதனால் திட்டமாகக் கிளம்பு. முதல் பயணம் காலையில் போய் மாலையில் திரும்புவதாக இருக்கட்டும். ஒரு தோழியைச் சேர்த்துக்கொள். அம்மாவிடம் பொய் சொல்லாதே. போகும் ரயில், திரும்பும் ரயில், போகும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடு. ஊர் ஊராக அலைந்து திரிவது ஆண் பிள்ளையின் உரிமை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உன் திட்டம் தெளிவாக இருந்தால் அப்பாவின் மறுப்பு தானாகவே தளரும். ஒரு முறை சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பிக் காட்டு. அடுத்த முறை கதவை அவரே திறந்துவிடுவார்.

கூச்சம்தான் இன்னொரு பூட்டு. வழி கேட்கக் கூச்சம், விலை கேட்கக் கூச்சம், தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். சின்ன ஊர் இதை உடைத்துவிடும். ஒட்டுக்கடை மக்சிக்கிடம் “இது என்ன மீன்?” என்று கேள். சீனக் கடைக்காரரிடம் கட்டடத்தின் வயதைக் கேள். கோயில் குருக்களிடம் திருவிழா எந்த மாதம் என்று கேள். பெரிய சுற்றுலா ஊரில் உன்னிடம் பேச யாருக்கும் நேரம் இருக்காது. நீ அங்கே ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. இங்கே “எந்த ஊர், தம்பி?” என்று அவர்களே தொடங்குவார்கள். முன்பின் தெரியாத மூன்று பேரிடம் ஒரே நாளில் மூன்று மொழியில் பேசித் திரும்பியவனுக்கு, அடுத்த வாரம் நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டாது.

நம் காலடியில் கடாரம்

வடக்கே போகும் கம்யூட்டரில் ஏறினால் சுங்கைப்பட்டாணி. அங்கிருந்து மெர்போக்குக்கு நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் பிடித்தால் பூஜாங் பள்ளத்தாக்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1025இல், ராஜேந்திர சோழனின் கடற்படை போய்த் தாக்கியதே, அந்தக் கடாரம் இன்றைய கெடா என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் கோடிப்பேர். அந்த மண்ணிலிருந்து சில மணி நேரத் தொலைவில் வாழ்கிறவன் நீ. போயிருக்கிறாயா?

கெலுகோரில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டாத நாள் உனக்கு இருக்காது. 2009 முதல் சுங்கை பத்துவில் அகழாய்வு நடத்தி, பழங்கால இரும்பு உருக்குக் களத்தை மண்ணுக்கடியிலிருந்து வெளிக்கொண்டு வந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள்தான். உலைகள், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள், செங்கல் கட்டுமானங்கள், படகுத்துறையின் எச்சங்கள் என்று எத்தனையோ கிடைத்தன. ஜெராய் மலையடிவாரத்தில் ஓடைக்கரை ஓரமாகப் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்காலக் கோயில் நிற்கிறது. பக்கத்திலேயே 1980இல் திறந்த தொல்லியல் அருங்காட்சியகம். சண்டியின் கருங்கல் மேடையில் தூண்களுக்கான வட்டக் கல் அடித்தளங்கள் வரிசையாய் இருக்கின்றன. மேலே இருந்த மரக்கூரை காலத்தில் போய்விட்டது. அந்தக் கல்லில் கை வைத்துப் பார்.

2013இல் இதே வட்டாரத்தில், 11ஆம் எண் கொண்ட ஆயிரம் ஆண்டு கடந்த சண்டி ஒன்று, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. செய்தி வெளியே வந்தபோது கோபப்பட்டோம், அறிக்கை விட்டோம், கண்டனக் கூட்டம் போட்டோம். ஆனால் அது நின்றுகொண்டிருந்தபோது நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? ஆள் நடமாட்டம் உள்ள இடத்தை யாரும் சத்தமில்லாமல் இடித்துவிட முடியாது. ஒரு சிறிய ஊருக்கு நீ போவது உனக்கு மட்டும் நல்லதல்ல. அங்கே குடிக்கும் தேநீரும் வாங்கும் பலகாரமும் கையெழுத்திடும் வருகைப் பதிவேடும் அந்த இடத்துக்கு ஒரு காவல்.

ஏ. கே. செட்டியாரை நினைத்துப்பார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் ஆவணப்படத்தை வெளியிட்டவர். உலகத்தையே சுற்றிய அந்த மனிதர் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் எழுதி வைத்த பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித்தேடித் தொகுத்தார். பக்கத்து ஊருக்கு மாட்டுவண்டியில் போனவனின் குறிப்பும் நாளைக்கு வரலாறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் எழுது. பாகான் செராய் நிலையத்தில் ஏறிய பாட்டி சொன்ன தோட்டத்துக் கதையை எழுதி வை. உன்னைத் தவிர வேறு யாரும் அதை எழுதப் போவதில்லை.

கிளம்புகிறவனுக்குச் சில சொற்கள்

ரயில் பாதையில் உள்ள ஊராகத் தேர்ந்தெடு. போகும் நேரத்தைவிடத் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை முக்கியமாகக் குறித்துக்கொள். கேடிஎம்பி செயலியில் பார்த்துவிடலாம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறக்காதே. ரயில் போகாத கோல செபெத்தாங், மெர்போக் போன்ற இடங்களில் திரும்பிவரக் கார் கிடைப்பது கடினம். கொண்டுபோய் விடுகிறவரிடமே திரும்பும் நேரத்தையும் கூலியையும் பேசி முடித்துவிடு. தைப்பிங் என்றால் குடை இல்லாமல் போகாதே.

சின்ன ஊரில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். இரவு தங்கினால் எட்டு மணிக்குமேல் பொழுது போகாது. அலுப்புத் தட்டும். தட்டட்டும்! அந்த அலுப்பில்தான், பல மாதங்களாக நீ தள்ளிவைத்த கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து உன் எதிரில் உட்காரும். ஓடாதே. பதில் சொல்.

போன இடத்தில் எடுத்த படங்களைத் திரும்பி வரும்வரை எங்கேயும் போடாதே. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணத் தொடங்கினால், மறுபடியும் அடுத்தவன் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று அர்த்தம்.

நாளைக்கு உன் வாழ்க்கையில் பெரிய கேள்விகள் வரும். இந்த வேலையை விடுவதா? சொந்தத் தொழில் தொடங்குவதா? எல்லாரும் வேண்டாம் என்கிற ஒருவரைக் கைப்பிடிப்பதா? அன்றைக்கு உனக்குப் பதில் சொல்ல எந்த வீடியோவும் இருக்காது, எந்தக் கூட்டமும் உன்னோடு நிற்காது. அப்படிப்பட்ட நாளில் தானாக முடிவெடுக்கும் துணிவு திடீரென்று வானத்திலிருந்து விழாது. இப்படிப்பட்ட சின்னப் பயணங்களில், தெரியாத தெருமுனைகளில், நீயே வலம் இடம் தீர்மானித்துப் பழகிய கால்களிலிருந்துதான் அது ஏறி வர வேண்டும்.

ஆகவே இன்றைக்கே ஊரைத் தேர்ந்தெடு. வருகிற சனிக்கிழமை காலை ரயிலுக்கு நேரம் பார். வீட்டில் சொல். அளவான காசை எடுத்து வை. யாராவது உடன் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அவர்களுக்காகக் காத்திராதே. கிளம்பு!